மலை அணைத்த கடல்



மெக்சிகோ நகரத்திலிருந்து தெற்கு நோக்கி ஏறத்தாழ 380 கிலோமீட்டர் பிரயாணம் செய்து, குளிர்ந்த பீடபூமியை விட்டு இறங்கி, வறண்ட பள்ளத்தாக்குகளையும் கள்ளிகள் மண்டிய சரிவுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து வருகிறவர், கடைசி மலையின் தோளில் பாதை வளைகிற இடத்தில் சட்டென்று கடலைக் காண்கிறார். காலடியில் ஒரு பெரிய நகரம். அதன் மடியில் ஆழ்ந்த நீலநிறத்தில் ஒரு விரிகுடா. அந்த நீலத்தைச் சுற்றிப் பச்சை மலைகள். தென்புறத்தில் மட்டும் மலை சற்றே விலகி வழிவிட, அந்த வாயிலின் வழியே சமுத்திரம் உள்ளே வந்து அமர்ந்திருக்கிறது. அதுதான் அகாபுல்கோ. இப்பொழுது மலையைக் குடைந்து சுரங்கப்பாதை அமைத்திருக்கிறார்கள். அதன் வழியே வந்தால் நேரம் மிச்சமாகும். ஆனாலும், முதல்முறை போகிறவர்கள் பழைய மலைப்பாதையிலேயே போகவேண்டும் என்றுதான் நான் சொல்வேன். இந்த ஊரை மேலிருந்து ஒருமுறை முழுமையாகப் பார்த்துவிட்டுப் பிறகு உள்ளே பிரவேசிப்பதே முறை.

பசிபிக் மகாசமுத்திரத்துக்குச் சாந்த சமுத்திரம் என்று ஒரு பெயர் உண்டு. ஆனால் மெக்சிகோவின் இந்தக் கரையில், திறந்த கடலைப் பார்த்து நிற்கும் மணற்பரப்புகளில், ஆளுயரத்துக்கு மேல் எழும்பி வந்து இடிபோல் விழும் அலைகளைக் கண்டவர்கள் அந்தப் பெயரை எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சாந்தம் என்பது இங்கே சாந்தா லூசியா என்னும் இந்த விரிகுடாவுக்குள் மட்டுமே உண்டு. உள்ளே சாந்தம், வெளியே சீற்றம். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் இருத்திக்கொண்டால், அகாபுல்கோவின் சரித்திரமும் கடற்கரைகளும் வீர விளையாட்டும் அது பட்ட துன்பமுங்கூட ஒரே நூலில் கோத்தவைபோல் விளங்கும். மலைகள் காற்றைத் தடுத்ததனாலும், கரைக்கு வெகு அருகிலேயே நீர் ஆழமாக இருந்ததனாலும் பெருங்கப்பல்கள் இங்கே ஒதுங்கின. அலை அடங்கியிருப்பதனால் குழந்தைகள் இங்கே நீராடுகிறார்கள். வெளிப்புறத்தில் அலை அடங்காததனால்தான் இந்த ஊர் இளைஞர்கள் அங்கே போய்ப் பாறையிலிருந்து குதிக்கிறார்கள்.

விரிகுடாவின் மேற்குக் கொம்பின் நுனியில், கலேட்டா, கலேட்டியா என்று அக்காளும் தங்கையும்போல இரண்டு சிறிய கடற்கரைகள் ஒட்டியிருக்கின்றன. முன்பெல்லாம் இந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது: காலையில் நீராடக் கலேட்டாவுக்குப் போவார்கள், பிற்பகலில் ஓர்னோஸ் கடற்கரைக்கு வருவார்கள். முன்னதைக் காலைக் கடற்கரை என்றும் பின்னதை மாலைக் கடற்கரை என்றும் சொல்வார்களாம். நாகரிக உலகம் வேறு கரைகளைத் தேடிக் கிழக்கே நகர்ந்துவிட்ட பிறகும், உள்ளூர்க் குடும்பங்கள் கலேட்டாவைக் கைவிடவில்லை. நான் போன காலைவேளையில், எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டியை அவருடைய பேரப்பிள்ளைகள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து, கணுக்காலளவு நீரில் இறக்கி உட்காரவைத்தார்கள். அலை வந்து அவருடைய பாவாடையின் கரையை நனைத்துவிட்டுத் திரும்பிற்று. அவர் கைப்பையைத் திறந்து, காகிதத்தில் பொதிந்த ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, நான் பார்ப்பதைப் பார்த்து எனக்கும் ஒன்று நீட்டினார்.

அது புளி உருண்டை. கொட்டை நீக்கிய புளியைச் சர்க்கரையும் உப்பும் மிளகாய்ப்பொடியும் சேர்த்துப் பிசைந்து உருட்டியது. அகாபுல்கோவின் பிரசித்தமான தின்பண்டம் இதுவே. கரையெங்கும் கூடைகளில் வைத்து விற்கிறார்கள். தமரிந்தோ என்பது அவர்கள் சொல்லும் பெயர். இந்தியாவின் பேரீச்சை என்று பொருள்படும்படி அராபியர் புளிக்கு இட்ட பெயர்தான் அப்படித் திரிந்து நிற்கிறது. மிளகாயோ இந்த மெக்சிகோவின் மண்ணிலிருந்து நம்முடைய சமையலறைக்கு வந்து, நம்முடையதே என்று நாம் எண்ணும் அளவுக்கு வேரூன்றிவிட்ட பொருள். நம் நாட்டின் பெயரைச் சுமந்த புளியும், அவர்கள் நாட்டிலிருந்து வந்த மிளகாயும் ஓர் உருண்டையில் கலந்து என் நாக்கில் கரைந்தபோது, இந்த ஊருக்கு வெறும் கடற்குளியலுக்காக நான் வரவில்லை என்பதை உணர்ந்தேன்.

கலேட்டாவுக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில் ரொக்கெத்தா என்னும் தீவு இருக்கிறது. அடித்தட்டில் கண்ணாடி பதித்த படகுகளில் அங்கே அழைத்துப் போகிறார்கள். வழியில் ஓரிடத்தில் படகை நிறுத்துவார்கள். கீழே, பச்சை நீருக்கு அடியில், குவாடலூப்பே மாதாவின் வெண்கலச் சிலை நிற்பது தெரியும். சிலையின் மேல் மீன்கள் நிழல்போல் கடந்து செல்கையில், அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த படகு முழுவதும் ஒரு கணம் மௌனமாகிவிடுகிறது.

இனி ஊருக்குள் வருவோம். மரநிழல் செறிந்த மையச் சதுக்கமும், நீலக் குவிமாடங்களைத் தாங்கிய தேவாலயமும் பார்க்கத் தக்கவை. ஆனால் நான் உங்களை நிறுத்திவைக்க விரும்புவது அதற்குச் சற்று அப்பால், மேட்டின்மேல் ஐந்து முனை நட்சத்திரத்தைப்போல அமைந்த சான் தியேகோக் கோட்டையில். 1615-ஆம் ஆண்டில் டச்சுக் கப்பற்படை ஒன்று இந்த விரிகுடாவுக்குள் வந்துபோன அச்சத்தில் ஸ்பானியர் கோட்டை கட்டத் தொடங்கினர். அந்த முதற் கோட்டையை 1776-இல் ஒரு பூகம்பம் சிதைத்தது. இன்று நாம் காண்பது அதன்பின் 1783-இல் கட்டி முடித்தது. ஸ்பானிய ஆட்சியை எதிர்த்து எழுந்த மொரேலோஸ் என்னும் பாதிரியார் 1813-இல் இதைக் கைப்பற்றினார். இப்பொழுது இது சரித்திரப் பொருட்காட்சிசாலை. கோட்டையின் மேல்தளத்தில் நின்றால் விரிகுடாவின் வாயில் நேர் எதிரே தெரிகிறது. இருநூற்றைம்பது ஆண்டுகள், வருஷத்துக்கு ஒருமுறை, அந்த வாயிலையே பார்த்துக்கொண்டு இந்த ஊர் காத்திருந்தது.

எதற்காக? மணிலாவிலிருந்து வரும் கப்பலுக்காக. மேற்கே பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குப் போக வழி தெரிந்திருந்த ஸ்பானிய மாலுமிகளுக்குத் திரும்பி வர வழி தெரியாமல் இருந்தது; போனவர்கள் எதிர்க்காற்றில் சிக்கி முயன்று முயன்று தோற்றார்கள். 1565-இல், துறவியும் மாலுமியுமான உர்தனெத்தா வடக்கே வெகுதூரம் ஏறி, அங்கே கிழக்கு நோக்கி வீசும் காற்றைப் பிடித்து, கலிபோர்னியாக் கரையைக் கண்டு, அதையொட்டித் தெற்கே இறங்கி, அக்டோபர் மாதத்தில் அகாபுல்கோவை வந்தடைந்தார். அன்று திறந்த வழி 1815-இல்தான் அடைபட்டது. போவதற்கு மூன்று மாதம். வருவதற்கு நான்கிலிருந்து ஆறு மாதம். போகும் கப்பலில் மெக்சிகோவின் வெள்ளி; வரும் கப்பலில் சீனத்துப் பட்டும் பீங்கானும் வாசனைத் திரவியங்களும். 1803-இல் இங்கே வந்த ஹம்போல்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர், சாதாரணமாக 4,000 பேர் வசிக்கும் இந்த ஊர், கப்பல் வரும் சமயத்தில் 9,000 பேர் கூடும் சந்தையாகிவிடும் என்று குறித்து வைத்திருக்கிறார். மலைகள் காற்றை அடைத்ததனால் வெப்பம் தாங்காமல், கடற்காற்று உள்ளே வரட்டும் என்று மலையில் ஒரு பிளவை வெட்டித் திறந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். கப்பலுக்குச் சுகமான அதே மலை மனிதனுக்கு மூச்சு முட்டுவதாக இருந்தது.

அந்தக் கப்பல்களில் நம்முடைய கரையின் பொருளும் வந்தது. சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணிகள் சென்னப்பட்டணத்திலிருந்தும் பிற துறைகளிலிருந்தும் மணிலாவுக்குச் சென்றன. அவற்றில் ஒரு பகுதி பசிபிக்கைக் கடந்து இந்த மணலில் இறக்கப்பட்டது. துணிகள் மட்டுமா? மனிதர்களும் வந்தார்கள். வங்காளத்திலும் மலபாரிலும் சோழமண்டலத்திலும் பிடித்து, மணிலாவில் விற்று, அங்கிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட அடிமைகள், எந்த நாட்டில் பிறந்தவர்களாயினும் சீனர் என்ற ஒரே பெயரால் ஏட்டில் பதியப்பட்டார்கள். அவர்களில் இந்தியாவில் பிறந்த ஒரு பெண், கத்தரீனா தெ சான் குவான் என்று பெயர் மாற்றப்பட்டு, பூவெப்லா நகரத்தில் வாழ்ந்து, பக்தியினால் ஊரார் வணங்கும் நிலையை அடைந்து 1688-இல் மறைந்தார். அவரும் தம் பெயரை இழந்தவர்தாம். மற்றவர்களுக்கோ இழந்த பெயரைச் சொல்லவும் எவரும் இல்லை. கோட்டையின் மதில்மேல் நின்றபோது பட்டையும் வெள்ளியையும்விட அவர்களையே நான் அதிகம் நினைத்தேன். இந்த வாயிலுக்குள் கப்பல் நுழைந்த நேரத்தில், அலை அடங்கிய இந்த நீரைக் கண்டு அவர்கள் என்ன எண்ணியிருப்பார்கள்?

கப்பல் நின்றபின் ஊர் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உறங்கிக் கிடந்தது. 1927-இல் தலைநகரத்திலிருந்து மோட்டார் பாதை வந்தது. 1946 முதல் 1952 வரை ஜனாதிபதியாக இருந்த மிகேல் அலேமான் காலத்தில் கரையோரமாக அகன்ற சாலை அமைந்தது; அதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அந்தச் சாலை நெடுகிலும் எழுந்த மாடமாளிகை விடுதிகளையும், கொண்டேசாக் கரையின் கேளிக்கைகளையும், திரைப்பட நட்சத்திரங்கள் வந்துபோன கதைகளையும் மற்றவர்கள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். நான் அவற்றைக் கடந்து போகிறேன்.

ஆனால் 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் தேதி நள்ளிரவை என்னால் கடந்து போக முடியாது. முந்தின நாள் சாதாரணப் புயலாக இருந்த ஓட்டிஸ், கரையோரக் கடல்நீரின் வெப்பத்தை உண்டு, ஒரே பகலில் மிகக் கொடிய ஐந்தாம் நிலைச் சூறாவளியாக வளர்ந்து, மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் இந்த நகரத்தின்மேல் விழுந்தது. முன்னேற்பாட்டுக்கு நேரம் மிகக் குறைவாகவே இருந்தது. விடுதிகளின் சுவர்கள் பிய்ந்து எலும்புக்கூடுகளாக நின்றன. மலைகளின் பச்சை ஓர் இரவில் உதிர்ந்து பழுப்பாயிற்று. விரிகுடாவின் சாந்தத்தை நம்பிப் படகுகளைக் காக்கவென்று அவற்றிலேயே தங்கியிருந்த மாலுமிகள் பலர் படகுகளோடு மூழ்கினர். தலைமுறை தலைமுறையாகக் காத்த இடம் அந்த ஓர் இரவில் காக்கத் தவறியது. மறு வருஷமே இன்னொரு புயலின் மழை ஊரை வெள்ளக்காடாக்கிற்று. கடந்த பல ஆண்டுகளாகக் கொள்ளைக் கூட்டங்களின் வன்முறையும் இம்மக்களை வாட்டுகிறது. ஆகையால், போக விரும்புகிறவர்கள் நிலைமையை முன்னதாக விசாரித்துக்கொண்டு, பகலிலேயே நடமாடுவது நலம். இதைச் சொல்லாமல் கடற்கரையின் சௌந்தரியத்தை மட்டும் வர்ணிப்பது உங்களுக்கும் நியாயமாகாது, அவர்களுக்கும் நியாயமாகாது.

இனி லா கெப்ராதா. விரிகுடாவின் பின்புறத்தில், திறந்த சமுத்திரத்தைப் பார்த்த பாறைச் சரிவில், கடல் ஒரு குறுகிய இடுக்காக உள்ளே புகுந்து மோதுகிறது. மேலிருந்து நீர்மட்டம் ஏறத்தாழ 35 மீட்டர். 1934-ஆம் ஆண்டு முதல், மீனவக் குடும்பத்து இளைஞர்கள் அங்கிருந்து தலைகீழாகக் குதித்து வருகிறார்கள். எதிர்ப்புறப் படிக்கட்டில் நின்று நான் பார்த்த மாலையில், பதினெட்டு வயதுகூட நிரம்பாத ஒரு பையன் கீழே நீந்தி இடுக்கைக் கடந்து, வெறுங்கையால் செங்குத்தான பாறையைப் பற்றிப் பற்றி ஏறினான். உச்சியில் குவாடலூப்பே மாதாவுக்கு ஒரு சிறிய சந்நிதி இருக்கிறது. அதன்முன் மண்டியிட்டு எழுந்து, விளிம்பில் வந்து நின்று, குதிக்காமல் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான். ஓர் அலை வந்தது, போயிற்று. இன்னோர் அலை வந்தது, போயிற்று.

அருகில் நின்ற ஒரு முதியவர் எனக்கு விளக்கினார். அலை வெளியேறும்போது இடுக்கில் நீர் குறைந்துவிடுகிறது. அலை உள்ளே நிறையும்போதுதான் ஆழம் கிடைக்கிறது. மேலிருந்து நீரைத் தொட மூன்று வினாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். எனவே நிறைந்த அலையைக் கண்டு குதிப்பவன், வற்றிய நீரில் விழுவான். கீழே நீர் வற்றியிருக்கும்போதே, வெளியிலிருந்து வரும் அலையைக் கணித்துக் குதிக்கவேண்டும். பாறையும் நேர்ச் சுவராக இல்லை, அடியில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆகையால் குதிப்பவன் கீழே விழுந்தால் போதாது, முன்னோக்கிப் பாயவும் வேண்டும். முதியவர் இதைச் சொல்லி முடிக்குமுன் பையன் இரு கைகளையும் விரித்தான். வெளியே, மங்கிய வெளிச்சத்தில், ஓர் அலை அப்பொழுதுதான் முதுகு நிமிர்த்திக்கொண்டிருந்தது. அவன் பாய்ந்தான். அவனும் அலையும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தார்கள். நுரைக்குள்ளிருந்து அவன் தலை வெளிப்பட்டபோது, என் கைகள் முன்னாலிருந்த இரும்புக் கம்பியை இறுகப் பற்றியிருந்ததைக் கண்டேன். பிறகு அவன் ஈரம் சொட்டச் சொட்டப் படிக்கட்டின் வாயிலில் நின்று, வெளியே போகிறவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டான். விளக்கம் சொன்ன முதியவர் அவன் முதுகில் ஒரு துவாலையைப் போர்த்தினார். அவருடைய பேரனாம்.

அங்கிருந்து சற்று மேலே, மலைத்தெருவில், மெக்சிகோவின் மகத்தான ஓவியர் தியேகோ ரிவேரா தம் இறுதிக் காலத்தில், 1956, 1957 ஆண்டுகளில், நண்பர் தொலோரெஸ் ஒல்மேதோவின் வீட்டு மதிலில் ஓடுகளையும் கடற்சிப்பிகளையும் பதித்து இறகு முளைத்த சர்ப்ப தெய்வத்தை உருவாக்கியிருக்கிறார். தெருவிலிருந்தே காணலாம், அவசியம் காணுங்கள்.

கிழக்கே மலையைச் சுற்றிப் போனால் புவெர்ட்டோ மார்க்கெஸ் என்னும் குட்டி விரிகுடா. மெக்சிகோவை வென்ற கோர்த்தெஸ் பெற்ற மார்க்கெஸ் என்னும் பட்டமே அதற்குப் பெயராயிற்று. அங்கேயும் நீர் குளம்போல் நிற்கும். அதைத் தாண்டியதும் ரெவோல்காதெரோ. அங்கே கடல் தன் சுயரூபத்தைக் காட்டத் தொடங்கிவிடும். இன்னும் அப்பால் பார்ரா வியேஹா என்னும் மீனவக் கிராமத்தில், பெரிய மீனை முதுகோடு பிளந்து விரித்து, சிவந்த மிளகாய் அரைப்பைத் தடவித் தணலில் வாட்டிக் கொடுக்கிறார்கள். அதை உண்பதற்கென்றே தலைநகரத்திலிருந்து வருகிறவர்கள் உண்டு. நீங்கள் இருக்கும் நாள் வியாழக்கிழமையாக வாய்த்தால், ஊரெங்கும் பொசோலே கொதிக்கும். உமி நீக்கிய பெரிய மக்காச்சோளம் மலர மலர வெந்த அந்தப் பச்சைநிறக் கஞ்சியை வியாழன்தோறும் குடும்பத்தோடு உண்பது இந்தக் கெரெரோ மாநிலத்தாரின் நியமம்.

மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் பியே தெ லா குவெஸ்தா. ஒரு பக்கம் அலைகள் முழங்கும் சமுத்திரம், மறுபக்கம் அசையாத கொயூக்காக் காயல். இரண்டுக்கும் நடுவே தென்னைகள் நிறைந்த நீண்ட மணல்திட்டு. காயலில் படகேறினால் அலையாத்திக் காடுகளும், கிளைதோறும் கொக்குகளும் கூழைக்கடாக்களும். கடலிலோ யாரும் இறங்கக் கூடாது. கரையில் முறியும் அலை காலை வாரி உள்ளே இழுத்துவிடும். அங்கே மணலில் அமர்ந்து சூரிய அஸ்தமனத்தைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். அந்த நேரத்தில் ஒரு பெரிய வட்டில் நிறைய ஆமைக்குஞ்சுகளைக் கொண்டுவந்து, குழந்தைகளின் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்து மணலில் விடச் சொன்னார்கள். நம் சோழமண்டலக் கரையில் தை, மாசி, பங்குனி மாதங்களில் மணலேறி முட்டையிடும் பங்குனி ஆமையின் இனமேதான் இதுவும். என் உள்ளங்கையில் ஒரு குஞ்சை வைத்தபோது அதன் துடுப்புகள் அப்பொழுதே நீந்தத் தொடங்கியிருந்தன.

மறுநாள் விடியற்காலையில், ஊருக்குத் திரும்புமுன், அந்த மணல்திட்டின் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். ஒருவர் தென்னைமரத்தில் வெட்டியிருந்த படிகளில் கால் வைத்து ஏறிக்கொண்டிருந்தார். இடுப்பில் வளைந்த கத்தி. உச்சியில் அமர்ந்து, நாரால் இறுகக் கட்டியிருந்த பாளையின் நுனியை மெல்லிய வில்லையாகச் சீவி, நிறைந்த கலயத்தை எடுத்துக்கொண்டு வேறொன்றை மாட்டினார். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏனென்றால் இந்தக் கைவேலை முழுவதும் நான் சிறுவயதிலிருந்து பார்த்தது. இந்தக் கரைக்குத் தென்னையையும் அதைச் சீவும் வித்தையையும் கொண்டுவந்தவர்கள், மணிலாக் கப்பலில் வந்திறங்கி மீண்டும் கப்பலேற மறுத்துத் தங்கிவிட்ட பிலிப்பைன்ஸ் மாலுமிகள். அவர் இறங்கி வந்ததும், இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். தூபா என்றார். மணிலாவிலும் அதற்கு அதே பெயர்தான். உங்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது யார் என்றேன். அப்பா, அவருக்கு அவருடைய அப்பா என்று சொல்லிவிட்டு, ஒரு சுரைக்குடுக்கையில் ஊற்றிக் கொடுத்தார். இலேசான புளிப்போடு கூடிய இனிப்பு; பாளையின் பச்சை வாசனை; மேலே இரண்டு எறும்புகள் மிதந்தன. எங்கள் ஊர்த் தோப்பில் ஊதி ஒதுக்கிவிட்டுக் குடிப்பதுபோலவே எறும்புகளை ஊதி ஒதுக்கிவிட்டுக் குடித்தேன். அவர் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, குடுக்கையை வாங்கி மறுபடியும் நிரப்பினார்.